திகதி எந்த ஊரில் இருக்கிறது?

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கரையில் மீன் வாடி வேலை, கட்டார் வெயில் என்று அலைந்துவிட்டு, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் ஒதுங்கினேன். பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுத ஒரு கணினி மொழியை அங்கே ஒரு அக்காவும் அண்ணனும் செய்துகொண்டிருந்தார்கள். கைபேசியில் பார்த்து நிரல் பழகியிருந்தேன். சம்பளம் வந்தால் வரும். மேசைக்குக் கீழே பாய் போடலாம்.

திகதி பார்க்க, குலுக்கல் போட்டு ஒரு எண் எடுக்க என்று மொழியோடு கூடவே கொடுக்கும் ஆயத்த நிரல் பொதிகளை எழுதியவரின் ஊர்ப்பெயரில் அடுக்கியிருந்தார்கள். அக்காவுடையவை மூதூர். அண்ணனுடையவை வெருகல். என்னுடைய இரண்டும் பாலையூற்று.

வெள்ளிக்கிழமை கிண்ணியாவிலிருந்து ஒரு ரீச்சர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் அவருடைய வகுப்பு எங்கள் மொழியில் படிக்கும். அதுவரை எங்களைத் தவிர யாரும் அதில் ஒரு வரி எழுதியதில்லை.

"எந்தப் பொதி எந்த ஊருக்குள்ள எண்டு ரீச்சருக்குத் தெரியுமோ?" என்றேன்.

"தேடினா கிடைக்கும்" என்றார் அண்ணன்.

"அப்ப அக்கா திகதிய எடுக்கட்டும் பார்ப்பம்."

அக்கா மூதூரைத் திறந்தார். இல்லை. "எங்க போச்சு? நான்தானே எழுதினனான்!"

"எழுதினது நான். நீங்கள் திருத்தினீங்கள், அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

"திருத்தாட்டி உங்கட வருசத்தில பதினொரு மாசம்தான் இருந்திருக்கும்!"

எல்லைத் தகராறு சூடுபிடித்தது. நான் இடையிடையே எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஊர்களைக் கலைத்து, எண், சொல், நேரம், விளையாட்டு என்று வேலைப்படி அடுக்கினேன். பார்த்ததும் இருவரும் ஒன்றாக என்மேல் பாய்ந்தார்கள். பிறகு குலுக்கல் பொதியை எதற்குள் வைப்பது என்பதில் பிரிந்தார்கள்.

"அது எண்தானே!" என்றார் அண்ணன்.

"பிள்ளையள் விளையாட்டுக்குள்ளதான் தேடுங்கள்" என்றார் அக்கா.

பொதியை எண்ணுக்குள் வைத்து, விளையாட்டிலிருந்தும் அதை எடுக்க ஒரு வழி விட்டேன். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஒரு சாமானுக்கு ரெண்டு வாசலோ?"

வெள்ளிக்கிழமை ரீச்சர் வந்து கதிரையை இழுத்துப் போட்டார். "லூடோக் கட்டை உருட்டணும். ஒருத்தரும் சொல்லித் தராதீங்க." அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ரீச்சர் எண் பக்கமே போகவில்லை. நேரே விளையாட்டைத் திறந்து குலுக்கலை எடுத்தார். கட்டை உருண்டது, ஆறு விழுந்தது.

"திங்கக்கிழமை பிள்ளைகளுக்குக் காட்டுறன்" என்று தான் எழுதிய வரிகளை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு போனார். மொழியை அன்றைக்கு எங்கள் தளத்திலிருந்து இறக்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அவர் படியிறங்கியதும் அண்ணன் கணினிக்கு முன்னால் குந்தினார். "இனி அந்த ரெண்டாவது வாசல மூடுவம்."

"ஏலாது" என்றார் அக்கா. "ரீச்சர் அதாலதான் உள்ள வந்தவ. மூடினா வகுப்புக்கு முன்னால அவவின்ர கட்டை உருளாது."

அண்ணன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.