மர்வா ஃபெயிலானபோது சிரித்த தகப்பன்

வளைகுடாவில், அல் குசைஸில் என் மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ரொட்டி சுடுபவர் நஜீப் பாய், காபூல்காரர். காபூலில் இருக்கும் தன் மகள் மர்வா ஆறாம் வகுப்பில் ஃபெயிலாகிவிட்டாள் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சிரிக்கிறீங்களே பாய்! என் மவ தொண்ணூறு மார்க் வாங்கினாலே போன் போட்டு ஏசுவேன். கண்டிச்சு வைங்க” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் பொரிந்து தள்ளினேன். அவர் மாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுவருடம் அவள் பாஸ் என்று கேள்விப்பட்டதும் ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். ஒன்றை அவர் வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போன வருஷம் அவ வேணும்னே ஃபெயிலானா பாய். எங்க நாட்டுல அந்த இயக்கம் ஆட்சிக்கு வந்த பிறகு, பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஆறாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. இன்னொரு வருஷம் போகலாமேன்னு, எல்லாம் தெரிஞ்சும் வெத்துப் பேப்பரைக் கொடுத்தா. இந்த வருஷமும் அப்படித்தான் கொடுத்தா. திரும்பவும் உட்கார வைக்க முடியாதுன்னு டீச்சர் அழுதுக்கிட்டே பாஸ் போட்டுட்டாங்க.”

நான் தொழும் அதே இறைவனின் பெயரைச் சொல்லித்தான் அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். லட்டு டப்பாவோடு கடைக்குத் திரும்பினேன்.

அன்று மாலை காயல்பட்டினத்திலிருந்து என் மகள் போனில், எண்பத்தெட்டு மார்க்தான் என்று பயந்து பயந்து சொன்னாள்.

“நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்காம்மா?”

“இருக்கு வாப்பா.”