தெருவை அடைத்துப் பதில் சொல்வார் என்று காத்திருந்தேன்

ஆண்டவர் எனக்குப் பதில் சொல்வதென்றால் ஏதாவது ஒரு தெருவை அடைத்துத்தான் சொல்லுவார் என்று மனதார நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை. என் மனைவி எஸ்தர் சிரித்ததைவிட அதிகமாக உங்களால் சிரித்துவிட முடியாது.

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. பங்குனி மாதம். பல வருஷம் லாரியில் கிளீனராக இருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் லாரி ஓட்டும் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். புது டிரைவரை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று, பாலாற்று மணலை மெட்ராசுக்கு ஏற்றிப் போகும் காண்ட்ராக்டரின் லாரி. புது வண்டி. நெற்றியில் தாமரை, பின்னால் இரண்டு கிளி, அழுத்தினால் பாட்டுப் பாடும் ஹாரன். இன்னொன்று, அரிசி மில்லின் லாரி. சுற்றுப்பட்டு ஊர்களில் நெல் மூட்டை ஏற்றி வர வேண்டும். அதன் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஹாரன் அழுத்தினால் ஆடு இருமுவது போலக் கேட்கும்.

எந்தப் புது டிரைவரும் கிளியைத்தான் பார்ப்பான். நானும் பார்த்தேன்.

ஆனால் வீட்டில் எஸ்தருக்கு ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே எங்களை விட்டுப் போயிருந்தன. இந்தத் தடவை ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னை நிற்கவைத்துச் சொன்னார்கள். "இவளைத் தனியா விட்டுட்டு நாள் கணக்கா எங்கயும் போவாதீங்க. ரத்தம் பட்டா உடனே தூக்கிக்கினு வரணும்." அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே மட்டும் வாய் ஓயாமல் ஜோக் அடித்துக்கொண்டிருப்பேன். பயம் ஏற ஏற எனக்கு ஜோக் அதிகமாக வரும். அந்த மாதம் எங்கள் தெருவே என்னால் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் முழங்கால் போட்டு ஆண்டவரோடு ஒப்பந்தம் பேசினேன். "காலையில் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போகிறேன். அந்த வேலை உமக்குச் சித்தமில்லை என்றால் வழியை அடைத்துவிடும்." மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, விடிந்தும் விடியாத நேரத்தில் பிள்ளையார்பாளையத்துக் குறுக்குத்தெருவில் திரும்பினேன். தெரு அடைத்திருந்தது! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவு நீட்டி, நெசவுக்காரக் குடும்பம் மொத்தமும் இருபுறமும் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தது.

"இன்னா அண்ணே, மலைச்சு நிக்கிறே? சைக்கிளைத் தூக்கிக்கினு செவுத்தோரமாப் போ" என்றார் ஒருவர்.

நான் போகவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. வந்த வேகத்தில் வீட்டுக்குத் திரும்பி எஸ்தரிடம் சாட்சி சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்தத் தெருவுல தினம் காத்தால பாவு போடுவாங்க. நீ பொறந்ததுல இருந்து இந்த ஊர்லதானே இருக்கே? அத்தனை நாளும் கர்த்தர் யாருக்கு வேலை வாணாம்னு சொல்லிக்கினு இருந்தாராம்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலமே மில்லுக்குக் கிளம்பினேன். அதே ஒப்பந்தம். ராஜவீதியில் பங்குனி உற்சவத்துச் சாமி புறப்பாடு. குடை, மேளம், ஜனம். எறும்புகூட நுழைய முடியாது. மறுபடியும் திரும்பி வந்தேன். ஆண்டவர் என்னை வீட்டிலேயே உட்கார வைத்துச் சோறு போடத் தீர்மானித்துவிட்டார் போலிருக்கிறது என்றேன்.

இந்தத் தடவை எஸ்தர் சிரிக்கவில்லை. "இங்க வா, உக்காரு" என்றாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை ஓர் உதை விட்டது. அவள் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். இரண்டே வரிதான். "சாமி, இந்த மனுசன் ஊரெல்லாம் பேசறாரு, தனக்கு வேண்டியத மட்டும் கேக்கமாட்டறாரு. கேக்கறதுக்கு தைரியம் குடும்."

உண்மைதான். இருபது வருஷம் கிளீனராக இருந்தும் எந்த முதலாளியிடமும் எனக்காக ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். அதை மறைக்கத்தான் இந்தக் கோமாளித்தனம் எல்லாம்.

மறுநாள் பாவின் ஓரமாகச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு காண்ட்ராக்டரிடம் போனேன். "வீட்ல மாசமா இருக்காங்க. ராத்திரி வீட்டுக்கு வந்துடற மாதிரி டிரிப் குடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"லாரி ஓட்ட வந்தியா, பிரசவம் பாக்க வந்தியா?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, வாழ்நாளில் முதல் தடவையாக நானும் சேர்ந்து சிரிக்காமல் இருந்தேன். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மில்லை நடத்தியது ஓர் அம்மாள். கணவர் போன பிறகு தனியாக நடத்திக்கொண்டிருந்தார். அதே கேள்வியைக் கேட்டேன். நெல்லைக் கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எத்தினி மாசம்பா?"

"ஆறும்மா. ரெண்டு தவறிப்போச்சு."

கையிலிருந்த நெல்லைக் கீழே போட்டார். பிறகு, "தூர டிரிப் உனக்கு வாணாம். எந்த ஊருக்கு வண்டி போவுதுன்னு காத்தாலயே என்கிட்ட சொல்லிட்டுப் போ. ஒண்ணுன்னா ஆள் அனுப்பறேன்" என்றார்.

கிளியை மறந்தேன். கயிறு கட்டிய கதவைத் திறந்து ஏறினேன்.

மூட்டை தூக்க என்னோடு வந்தவர்களில் ஏழுமலை என்று ஒருவர். என்னைவிடப் பெரிய வாய். நான் வண்டியை எடுக்குமுன் ஜெபம் பண்ணினால், "நல்லா வேண்டிக்கோபா, நாங்க பின்னால மூட்டை மேல உக்காந்துக்கினு இருக்கோம்" என்பார். நான் ரிவர்ஸ் எடுத்தால் எல்லாரையும் இறங்கச் சொல்லுவார். நாங்கள் நாள் பூராவும் சண்டை போடுவோம்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், முசரவாக்கத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். மில்லிலிருந்து சைக்கிளில் ஆள் வந்து நின்றார். எஸ்தருக்கு ரத்தம் போகிறது, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்.

ஓடிப்போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. "ஐயோ, ஸ்டியரிங்கைக் காணோமே!" என்று கத்தினேன்.

"யோவ், அந்தாண்டப் பக்கம் இருக்குதுய்யா. தள்ளி உக்காரு" என்றார் ஏழுமலை. அவர் குரலில் கேலி இல்லை. பாதி ஏற்றிய மூட்டைகளோடே எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். ஏழுமலை என் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா. கியர் மாத்து. மாடு வருது, பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஊர் வந்து சேர்ந்தேன்.

டாக்டரம்மா வெளியே வந்து, உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். என் ரத்தத்தைச் சோதித்தார்கள். பொருந்தவில்லை. வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஜோக்கும் வரவில்லை. ஒப்பந்தமும் வரவில்லை. "ஆண்டவரே, அவள் எனக்கு வேண்டும்" என்றேன். நான் பண்ணிய ஜெபங்களிலேயே சின்னது அதுதான்.

தலை நிமிர்ந்தபோது, உமி ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏழுமலை நின்றிருந்தார். பின்னால் மற்றவர்கள். "எங்ககிட்ட எடுத்துப் பாருங்கம்மா. மூட்டை தூக்கற உடம்பு, கொஞ்சம் கொறஞ்சா இன்னா?" என்றார்.

முடிவைச் சொல்லாமல் நடுவில் நிறுத்திவிட்டேன் என்று திட்டாதீர்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது என்னைப் போல இரண்டு வேலைக்கு நடுவிலோ இரண்டு பயத்துக்கு நடுவிலோ நின்றுகொண்டிருந்தால், ஆண்டவரிடம் அடையாளம் கேட்டு அலையாதீர்கள். எது இல்லாமல் நீங்கள் வாழ முடியாதோ அதைச் சொல்லிக் கேளுங்கள். மனிதரிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள். ஆண்டவர் எந்த மனிதரை எனக்காக வைத்திருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த மனிதரோடு மூன்று மாதம் சண்டை வேறு போட்டேன். இன்றைக்கும் நான் மில் லாரிதான் ஓட்டுகிறேன். வண்டி எடுக்குமுன் ஜெபம் பண்ணும்போது ஏழுமலை இப்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நிற்கிறார். அவர் யாரை நினைத்துக்கொள்கிறார் என்று நான் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். ஏழுமலையின் ரத்தம் பொருந்தியது. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது, அழுதது. எஸ்தர் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன்.