உப்புக்காற்று தின்ற ஆறு வளையங்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னத் தராசு இருக்கிறது. உள்ளங்கை அளவு, பேட்டரியில் ஓடுவது, நகைப் பட்டறைகளில் பார்க்கும் வகை. அதன் மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. அப்பாவின் அக்கா, என் அத்தை, தன் பொருள் எல்லாவற்றிலும் இந்தப் புள்ளியை வைப்பார். காரைக்காலில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை. டம்ளர், கத்தரிக்கோல், குடை என்று எதை எங்கே வைத்தாலும் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். நான் அப்போது ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன்.

அத்தை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய பெரிய நகை ஒன்றே ஒன்றுதான்: ஒரு டாலர் சங்கிலி. வாங்கிய அன்று நானும் கூடப் போனேன். கடைக்காரப் பையன் கல் வைத்த மாலைகளை எடுத்து எடுத்துப் பரப்பினான். "கல்லை எடை போட்டுத் தங்க விலைக்கு வாங்க நான் என்ன கேனச்சியா தம்பி? கல்லில்லாததா காட்டு. முத்திரை எங்க இருக்குன்னும் காட்டு" என்றார் அத்தை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, கொக்கியின் அடியில் அடித்திருந்த தர முத்திரையைப் படித்தார். ரசீதில் எடையைத் தெளிவாக எழுதச் சொன்னார்: நாற்பது புள்ளி இரண்டு பூஜ்யம் கிராம். அங்கிருந்து நேராக ஸ்டுடியோவுக்குப் போய், சங்கிலியைக் கறுப்புத் துணியில் நீட்டிப் போட்டுப் படம் எடுக்கச் சொன்னார். ஸ்டுடியோக்காரர், "பொண்ணு பார்க்க அனுப்புறீங்களா அக்கா?" என்று கேட்டார். "ஆமா, நல்லா சிரிக்கச் சொல்லி எடுங்க" என்றார் அத்தை.

நகையை அவர் வைத்துக்கொண்ட விதமும் அப்படித்தான். பணிக்குப் போட்டுப் போகமாட்டார். நல்ல நாளில் போட்டுக் கழற்றினால் வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையில் அலசி, குழந்தைகளின் பல் தேய்க்கும் பிரஷால் வளைய இடுக்குகளைத் துலக்கி, ஈரம் போக ஒற்றி, தனியாக ஒரு மல் துணியில் சுற்றுவார். வளையலோடு போட்டால் உரசும் என்பார். நாடி பார்ப்பதற்காகக் கட்டிய கைக்கடிகாரத்துக்கும் அதே கவனம். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் முதலில் அதைத்தான் துடைப்பார். பேட்டரி மாற்றும்போதெல்லாம் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பார். சுனாமி வந்த நாட்களில் அடையாளம் தெரியாத உடல்களிலிருந்து கழற்றிய நகைகளை, மூக்குத்தித் திருகு உட்பட, துண்டுத் துணிகளில் முடிந்து சீட்டு எழுதி வைத்தவர்களில் அவரும் ஒருவர். மீனவர் குப்பமான கிளிஞ்சல்மேட்டிலிருந்து தேடி வந்தவர்களிடம் அவர் கையால் முடிச்சை அவிழ்த்துக் காட்டியதை நான் நின்று பார்த்திருக்கிறேன். அவர் முடிந்ததில் ஒன்றும் குறையவில்லை.

அதற்கு அடுத்த வருடம் நெடுங்காட்டிலிருந்து சித்தி வந்தார். சித்தப்பாவின் மனைவி. தங்கை கல்யாணத்துக்கு நாலு நாளைக்குச் சங்கிலி வேண்டும் என்றார். அத்தை கொடுத்தார். ஐந்தாம் நாள் டப்பா திரும்பி வந்தது. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் இரவல் நகையைத் திருப்பித் தரும்போது டப்பாவைத் திறந்து பார்ப்பது அவமரியாதை. எடை போடுவது அதைவிடப் பெரிய அவமரியாதை, உறவே முறிந்துபோகும். கடைக்காரனை அவ்வளவு சோதித்த அத்தை, தம்பி பெண்டாட்டியிடம் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி அப்படியே பீரோவில் வைத்தார். அவர் செய்த ஒரே பிசகு அதுதான்.

சித்திரை முதல் நாள் கண்ணாடி முன் நின்று சங்கிலியைப் போட்டவர் சட்டென்று அசையாமல் நின்றார். ரவிக்கையின் முதல் கொக்கிக்கு நேராக விழும் டாலர் இரண்டு விரற்கடை மேலே நின்றது. ஸ்டுடியோ படத்தை எடுத்து வைத்து எண்ணினோம். படத்தில் நாற்பத்தெட்டு வளையங்கள். கையில் நாற்பத்திரண்டு. பத்தரிடம் கொண்டுபோனோம். ஓரிடத்தில் பற்றவைப்பு புதிது என்று காட்டினார். எடை முப்பத்தைந்து புள்ளி ஆறு ஐந்து. குறைந்தது நாலு புள்ளி ஐந்து ஐந்து.

யார் வெட்டினார்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை. என் தொழிலில் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் அந்தச் சங்கிலி அத்தையின் கையை விட்டுப் போனது அந்த நாலு நாள்தான். அத்தையும் நானும் நெடுங்காட்டுக்குப் போனபோது சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கிலியையும் ஸ்டுடியோ படத்தையும் அத்தை எடுத்து வைத்தபோது சித்தி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உப்புக்காத்து அண்ணி. நம்ம ஊருல எவர்சில்வரே துருப்புடிக்குது. சங்கிலி தேயாதா?"

"ஆறு வளையம் முழுசா தேஞ்சு மிச்சமெல்லாம் அப்படியே இருக்குமா? சரி, வயக்காட்டுக்கு நடுவுல இருக்கற ஊரு. இங்க எந்தக் கடல் காத்து வருது?"

"அப்ப என்னைத் திருடிங்கறீங்களா?"

அத்தை கைக்கடிகாரத்தைக் கழற்றி, பட்டையில் துருப்பிடித்திருந்த திருகைக் காட்டினார். "காத்து தின்னது இது. தங்கத்தைத் திங்கற வாயி காத்துக்குக் கிடையாது." சித்தப்பா தலை நிமிராமல் ரசத்துக்குச் சோறு பிசைந்தார். திரும்பும் வழியில் பேருந்தை விட்டு இறங்கியதும் அத்தை நேராகப் போய் இந்தத் தராசை வாங்கினார்.

அவர் இனிமேல் யாருக்கும் நகை இரவல் தரமாட்டார் என்று நினைத்தேன். அதற்கு நேர்மாறாகச் செய்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் கூடத்தில் எல்லோர் முன்னாலும் தராசை வைத்து, போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை எடை பார்த்தார். எண்ணை நான் உரக்கப் படிக்க வேண்டும். "தப்பா நெனைச்சுக்காதீங்க. ஒரு தடவ உப்புக்காத்து நாலு புள்ளி அஞ்சு அஞ்சு தின்னுடுச்சு. அந்தப் பயம்தான்" என்பார். சித்தியின் பேரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. ஆறு மாதத்தில் குடும்பம் முழுக்க அந்த எண் தெரிந்துவிட்டது. வளைகாப்புக்கு சித்தி வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள், "காத்து பலமா இருக்குல்ல?" என்று கேட்டு முந்தானையால் கழுத்தை மூடிக்கொள்வாள். சித்தி தன் சொந்த நகையைப் போட்டு வந்தாலும் அதில் எத்தனை வளையம் அத்தையுடையது என்று கண்கள் எண்ணின. பிறகு அவர் மஞ்சள் கயிற்றோடு மட்டும் வர ஆரம்பித்தார்.

சித்தியின் மகள் கல்யாணத்தில்தான் அது உச்சத்துக்குப் போனது. பெண்ணுக்குத் தன் சங்கிலியை இரவலாகப் போட அத்தை வந்தார். மணப்பெண் அறையில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். அத்தை பையிலிருந்து தராசை எடுத்ததும் சித்தி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அண்ணி, இன்னைக்கு ஒரு நாளு வேண்டாம். உங்க கால்ல வேணா விழுறேன்."

"ஏன், இன்னைக்குக் காத்து அடிக்கலையா?"

நான் எண்ணைப் படித்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "இதென்ன பழக்கம்?" என்றார். "எங்க வீட்டு நகைக்கு உப்புக்காத்து ஆகாது சம்பந்தியம்மா. என் தம்பி பொண்டாட்டிதான் அதைக் கண்டுபிடிச்சு சொன்னா" என்றார் அத்தை. அந்த அம்மாள் சித்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது. மணப்பெண்ணின் கண் மை கரைந்ததையும் பார்த்தேன். அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. இருந்தும் படித்த குரலை நான் தாழ்த்தவில்லை. இன்று நினைத்தாலும் தாழ்த்தியிருப்பேன் என்று தோன்றவில்லை.

ஓய்வு பெற்று மூன்றாம் வருடம் அத்தை படுக்கையில் விழுந்தார். சித்தி பார்க்க வரவில்லை. சங்கிலியையும் தராசையும் என்னிடம் கொடுத்த அன்று அத்தை சொன்னார்: "அவ ஒரு நாள் அந்தத் தங்கத்தக் கொண்டாருவா பாப்பா. வாங்காதே."

"ஏன் அத்தை?"

"வாங்கிட்டா, குடுத்துட்டேன்னு சொல்லிக்குவா."

போன மாதம் சித்தி வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. சித்தப்பாவும் இப்போது இல்லை. காப்பி வேண்டாம் என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் மடித்த ஒரு சின்னத் தங்கக் கட்டியை மேசையில் வைத்தார். "தராசு இருக்கில்ல? போட்டுப் பாரு" என்றார். இழுப்பறையைத் திறந்து, சிவப்புப் புள்ளி வைத்த மூடியை எடுத்தேன். கட்டியைத் தட்டில் வைத்தேன். எண்கள் கொஞ்சம் ஆடி நின்றன. நான் வாய் திறப்பதற்கு முன்பே சித்தி சொன்னார்: "நாலு புள்ளி அஞ்சு அஞ்சு."

"சரியா இருக்கு சித்தி" என்றேன். கட்டியைக் காகிதத்தில் பழையபடி மடித்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"என்னடி?"

"வாங்க வேண்டாம்னு அத்தை சொல்லிட்டுப் போயிருக்காங்க."

அவர் அதை எடுக்கவில்லை. "அவங்களே போயிட்டாங்களே. இனிமே நான் இதை யாருகிட்ட குடுக்கறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"எனக்குத் தெரியாது சித்தி."

எழுந்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். வாசற்படியில் நின்று முடிச்சு இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்துகொண்டிருந்தது. தராசு பூஜ்யத்தில் நின்றது. அத்தை செய்வது போலத் தட்டைத் துணியால் துடைத்து மூடியைச் சாத்தினேன்.