முதலில் ஊதுபவர்

தேநீர் வந்ததும் அவர் குடிப்பதில்லை. டம்ளரைக் குட்டிச்சுவர் மேல் வைத்துவிட்டுப் பேருந்தைச் சுற்றி வருவார். டயர்களைத் தட்டிப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார். திரும்பி வந்து சுண்டுவிரலின் பின்புறத்தால் டம்ளரைத் தொடுவார். சுட்டால் இன்னொரு சுற்று. ஆடை படிந்து, வேறு யாரும் வாயில் வைக்காத பதம் வந்த பிறகு, ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

நான் தினமும் பணிமனை வாசலில் ஏறும் காலை முதல் பேருந்தின் ஓட்டுநர் அவர். ஐம்பதை நெருங்குகிறவர், வெளுத்த நிறம். முகம்தான் வம்பு. வெயில், ஆவி, காரம், கோபம் எது பட்டாலும் மூக்கும் கன்னமும் சிவந்து, பொடிப்பொடியாகப் பரு கிளம்பி எரியும். தோல் மருத்துவர் அதற்குச் சொன்ன பெயர் ரோசேசியா. இவர் வைத்த பெயர் விருந்தாளி.

“ஒரேயடியா அனுப்ப முடியாதாம் தம்பி. அடிக்கடி வராம பாத்துக்கலாம், அவ்வளவுதான்.”

பார்த்துக்கொள்வதில் குறை வைப்பதில்லை. வெயில் தடுக்கும் களிம்பைப் பக்கக் கண்ணாடியில் பார்த்து, பள்ளி நாடகத்துக்குக் கிளம்புகிற ராஜாவைப்போல அப்பிக்கொள்வார். இருக்கைக்குக் கீழே தண்ணீரில் நனைத்த துணி தயாராக இருக்கும். சட்டைப்பையில் ஒரு டைரி. முகம் சிவந்த நாளில், அதற்குமுன் என்ன சாப்பிட்டார், எங்கே நின்றார் என்று எழுதுவார். முதல் மாதமே குற்றவாளிகள் சிக்கிவிட்டார்கள்: சுடுநீர்க் குளியல், வாசனை சோப்பு, மிளகாய்ப்பொடி. ஒரு பழைய பக்கத்தில் மட்டும் ‘மச்சான் வருகை’ என்று மூன்று முறை இருந்தது. நான் சிரித்தேன். அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

போன வாரம் நெரிசலில் வெயில் நேராக அடித்தது. விருந்தாளி வந்துவிட்டார். முன்னிருக்கை அம்மா ஒருவர் மோப்பம் பிடித்துப் பார்ப்பதை, ஈரத்துணியைக் கன்னத்தில் ஒற்றியபடியே ஓட்டுநர் கவனித்துவிட்டார்.

“நல்லா மோந்து பாருங்கம்மா. க்ரீம் வாசனைதான் வரும்.”

பேருந்தே சிரித்தது. ஆனால் இது அவருக்கு விளையாட்டில்லை. ஓட்டுநர் போதையில் இருக்கிறார் என்று முன்பே இரண்டு புகார்கள் போயிருந்தன. மூன்றாவது வந்தால் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்களாம். இருபத்திரண்டு வருடம் பிடித்த ஸ்டீயரிங்.

அதனால்தான் தினமும் பணிமனை வாசலில் காவலாளி நீட்டும் மது சோதனைக் கருவியில் ஊதுகிறார் என்று நினைத்திருந்தேன். கருவி பூஜ்யம் காட்டும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்போல அதை எல்லோருக்கும் காட்டுவார். பின்னாலேயே மனைவியின் அண்ணன் நிற்பார், அவரும் அங்கே ஓட்டுநர்.

“உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஏறுது மாப்ள.”

“ஏறட்டும் மச்சான். இப்ப நீங்க ஊதுங்க.”

அவரும் ஊதுவார். பூஜ்யம். மாப்பிள்ளைக்கு அவமானமாக இருக்கக் கூடாதென்று துணைக்கு நிற்கிறார், நல்ல மனிதர் என்று எண்ணிக்கொள்வேன்.

அந்த மச்சான் வேறு தடத்துக்கு மாறிப்போன பிறகு, இவர் வாசலில் நிற்காமல் நேரே பேருந்துக்குப் போவதைக் கண்டு காவலாளியிடம் விசாரித்தேன். மருத்துவர் கடிதம் கொடுத்த அன்றே, போன வருடமே, இவர் ஊத வேண்டியதில்லை என்று ஆகிவிட்டதாம். குடியை விட்டு எட்டு மாதம் தினமும் ஊதிக் காட்ட வேண்டியிருந்தவர் மச்சான்தான். “தனியா நிக்க அவருக்குக் கூசுச்சு,” என்றார் காவலாளி.