தீட்சை எடுக்காத குரல்

எங்கள் வீட்டில் சாமிப்படம் இல்லை. கோப்பாயில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு எங்களுடையது மட்டும்தான். "உவை கும்பிடாத ஆக்கள்" என்று அயலவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். வீட்டுக்குள் தொற்றுநோய்க்காரர் ஒருவர் படுத்திருக்கிறார் என்று சொல்வது போல இருக்கும்.

அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். தொழிற்சங்கக்காரர். இளவயதிலேயே புத்தகங்களைப் படித்துக் கடவுளை விட்டவர். அம்மா அப்படி இல்லை. விரதம் பிடித்து, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் வளர்ந்தவர். எனக்குப் பிறகு பிறந்த தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தான். அம்மா கோயில் வீதியின் சுடுமணலில் விழுந்தும் எழுந்தும் அடியழித்தார். பிள்ளை தப்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள் முற்றத்தில் இருந்துகொண்டு, "தேப்பன் கும்பிடாட்டி பிள்ளை எப்பிடித் தங்கும்?" என்று அம்மாவின் காதுபடவே கதைத்தார்கள். அதன் பிறகு அம்மா கோயிலுக்குப் போகவில்லை. அப்பா அவரைப் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. கும்பிடுகிறவர்களின் வாய்தான் அவரை வெளியே தள்ளியது.

எனக்குப் பாட்டு வராமல் இருந்திருந்தால் இதெல்லாம் எங்கள் வீட்டோடு போயிருக்கும். எனக்குக் குரல் இருந்தது.

நான் படித்தது அரசாங்கப் பாடசாலை. கோயில்காரரின் பாடசாலை அல்ல. ஆனாலும் காலையில் மணியடித்தால் மண்டபத்தில் தேவாரம், வெள்ளிக்கிழமைகளில் பூசை, நவராத்திரிக்கு வாணி விழா. பாட விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு அங்கே இருந்தது ஒரேயொரு குழு. அதற்குப் பெயரே பண்ணிசைக் குழு. நெல் வெட்டுகிற பாட்டோ, கடலைப் பற்றிய பாட்டோ, தமிழைப் பற்றிய பாட்டோ அங்கே பாடுவதில்லை. வாயைத் திறந்தால் தேவாரம். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

எட்டாம் வகுப்பில் இசை ரீச்சர் என்னைக் குழுவுக்குத் தெரிந்தெடுத்தார். மெலிந்த, எப்போதும் அவசரப்படுகிற ரீச்சர். நான் மேல் சுரத்தைப் பிடித்ததும் சுருதிப்பெட்டியில் இருந்து கையை எடுத்துவிட்டு, "இன்னொருக்கால் பாடு பிள்ளை" என்றார். மறுபடி பாடினேன். அவருடைய கண் கலங்கியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்?

வீட்டில் வந்து பயந்து பயந்துதான் சொன்னேன். அப்பா சிரித்தார். "தமிழ் நல்ல தமிழ்தானே. பாட்டும் நல்ல பாட்டு. ஏன் பயப்பிடுறாய்? பாடு" என்றார். நான் பாடிப் பழகும்போது அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். வட்டாரப் போட்டியில் எங்கள் குழு முதலாவதாக வந்தது. தனித்துப் பாடும் அடிகள் என்னுடையவை. பாடசாலை அதிபர் கிண்ணத்தை வாங்கித் தன் அலுவலக அலுமாரிக்கு மேலே வைத்தார். என் நெற்றியில் திருநீறு இல்லை என்பது அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த பள்ளித் தவணையில்தான் வினை வந்தது. குழுவில் பாடுகிற பிள்ளைகள் எல்லோரும் சமய தீட்சை எடுக்க வேண்டும் என்று அதிபர் அறிவித்தார். குருக்கள் பாடசாலைக்கே வந்து, பிள்ளைகளை விரதமிருக்க வைத்து, நீர் தெளித்து, காதில் மந்திரம் சொல்லிக் கொடுப்பார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் திருநீறு பூசி அந்த மந்திரத்தைச் செபிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும்.

அப்பாவுக்குப் பகல் வேலை. அம்மாதான் பாடசாலைக்கு வந்தார். என்னையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டுதான் அதிபர் கதைத்தார்.

"சின்னச் சடங்கு, தங்கச்சி. ஒரு காலமைச் சோலி. இதுக்குப் போய் ஏன் மினக்கெட்டு வந்தனீங்கள்?"

"பிள்ளை பாடட்டும் சேர். அதுக்கு நாங்கள் மறுப்பில்லை. தீட்சை வேண்டாம்."

"தீட்சை இல்லாமல் திருமுறை பாடப்படாது."

"இவ்வளவு நாளும் பாடினவள்தானே? உந்தக் கிண்ணத்தை வாங்கேக்கை நீங்கள் தீட்சை கேட்கேல்லையே?"

அதிபர் கொஞ்சநேரம் மேசையில் விரலால் தட்டினார்.

"நீங்கள் வேதக்காரர் எண்டால் சொல்லுங்கோ, விட்டிடுறன். குருநகரிலை இருந்து வந்த பிள்ளையை நான் வற்புறுத்துறனானோ?"

"நாங்கள் வேதக்காரர் இல்லை."

"அப்ப சைவம்."

"அதுவும் இல்லை."

"அப்பிடி ஒண்டு கிடையாது தங்கச்சி. மனிசர் எண்டால் ஏதாவது ஒண்டாய் இருக்க வேணும்."

அந்த வசனத்தை அவர் கோபமாகச் சொல்லவில்லை. இரக்கமாகச் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கடிபடுகிறது. எங்கள் வீட்டில் மூன்று பேர் சோறு தின்றோம், சிரித்தோம், செத்த பிள்ளைக்காக அழுதோம். அவருடைய கணக்கில் நாங்கள் ஒன்றுமில்லை.

குழுவில் இருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

குருநகர்ப் பிள்ளை என் வகுப்புத்தான். இராணுவ முகாமுக்குப் பயந்து கோப்பாய்க்கு இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம். காலையில் தேவாரம் தொடங்கும்போது அவள் மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள். அவளுக்கு அனுமதி இருந்தது. எனக்கும் பாட்டு இல்லைத்தானே என்று ஒருநாள் அவளோடு போய் நின்றேன். ஒழுங்கு பார்க்கிற வாத்தியார் ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "அவளுக்கு ஒரு சமயம் இருக்கு. உனக்கு என்ன இருக்கு? உள்ளுக்குப் போய் நில்!"

பாடவும் கூடாது. வெளியே நிற்கவும் கூடாது. வரிசையில் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு மனப்பாடமான பாட்டை மற்றவர்கள் சுருதி விலகிப் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இடைவேளையில் குருநகர்ப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "நீ எங்கடை கோயிலுக்கு வாவன். எங்கடை பங்குச் சுவாமி ஆர் பாடினாலும் விடுவார்." நல்ல மனதோடுதான் கேட்டாள். எனக்கு அவள்மீதும் எரிச்சல் வந்தது. பாடுவதற்கு ஏன் எல்லோரும் என்னை எங்கேயாவது சேர்க்கப் பார்க்கிறார்கள்?

வாணி விழா நெருங்கியது. எனக்குப் பதிலாக விட்ட பிள்ளைக்கு மேல் சுரம் எட்டவில்லை. தொண்டை கட்டிப் போய் அழுதாள். விழா அன்று காலை இசை ரீச்சர் என்னை வகுப்பில் இருந்து கூப்பிட்டு, சங்கீத அறையின் மூலைக்குக் கூட்டிப்போனார்.

"பிள்ளை, ரீச்சருக்கு ஒரு உதவி செய்வியோ? மேடைக்குப் பக்கத்திலை திரை கட்டியிருக்கு. நீ அதுக்குப் பின்னாலை நிண்டு அந்த அடியை மட்டும் பாடிவிடு. முன்னுக்கு நிக்கிற பிள்ளை வாயை அசைப்பாள்."

"அதிபர் ஏசுவாரே, ரீச்சர்?"

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "அவருக்குத் தெரியும். அவர்தான் சொன்னவர்."

தீட்சை இல்லாமல் திருமுறை பாடப்படாது என்று அம்மாவுக்குச் சொன்ன அதே வாய். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பாடலாமாம். கடவுளுக்கும் அந்தத் திரை மறைக்கும் என்று நினைத்தார்களோ தெரியாது.

நான் ஓமென்று தலையாட்டினேன். பாட ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. கொலு, வாழைக்குலை, சாம்பிராணிப் புகை. பெற்றோருக்கு விடுத்த அழைப்பில் அம்மாவும் வந்து பின்வரிசையில் இருந்தது எனக்குத் தெரியாது. நான் ஒரு பழைய மேசைக்கும் திரைக்கும் இடையில், கால் உடைந்த கதிரைகளுக்கு நடுவே நின்றேன். குழு தொடங்கியது. என் அடி வந்தது. பாடினேன். மண்டபம் அடங்கிப் போனது எனக்குக் கேட்டது. திரையின் இடுக்கால் அந்தப் பிள்ளை வாயை அசைப்பதைப் பார்த்தேன். பட்டுப்பாவாடை, நெற்றி நிறையத் திருநீறு. முன்வரிசையில் இருந்த யாரோ பெரிய மனிதர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி இரசித்தார்.

மற்றவர்கள் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது பக்கக் கதவு திறந்தது. அம்மா நின்றார். மூச்சு வாங்கியது. என்னையும் உடைந்த கதிரைகளையும் பார்த்தார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை. தம்பி செத்த அன்றும் இல்லை.

"ஆர் உன்னை இதுக்குள்ளை விட்டது?"

"ரீச்சர்."

"பாடுறதெண்டால் முன்னுக்குப் போய் நிண்டு பாடு. இல்லாட்டி வா, வீட்டை போவம். ஒளிச்சு நிண்டு பாட நீ என்ன களவெடுத்தனியோ?"

அவர் என்னை இழுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முடிவு என்னுடையது. நான் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். பாடசாலைச் சீருடை, வெறும் நெற்றி. வரிசையின் கரையில் நின்றேன். என் கடைசி அடி வந்தபோது அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. நான் பாடினேன். குரல் கோபத்தில் நடுங்கியது, ஆனால் சுருதி விலகவில்லை.

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த அதிபர் எழுந்து வெளியே போனார்.

மறுநாள் மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் எனக்கு அடி விழுந்தது. குற்றம், "சபை ஒழுக்கத்தைக் குழப்பியது." இசை ரீச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரைக்குப் பின்னால் என்னை விட்டது யார் என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. பிரம்படியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அப்பாவின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. விஷயத்தைக் கேட்டதும் அவர் மகிழ்ந்து போனார். தொழிற்சங்கத் தோழர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ரை பிள்ளை சபையிலை ஏறி நிண்டு அவையின்ரை முகத்திரையைக் கிழிச்சவள்" என்று கதை சொல்வார். தேத்தண்ணி கொடுக்கப் போன என் தோளைத் தட்டுவார்கள். நான் யாருடைய முகத்திரையையும் கிழிக்கப் போகவில்லை. பாடப் போனேன். அதை அவரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் சண்டை மூண்டது. பாடசாலை அகதி முகாமாகியது. நான் பாடாமல் நின்ற மண்டபத்தில் சனம் பாய் விரித்துப் படுத்தது. குருநகர்ப் பிள்ளையின் குடும்பம் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பாடசாலை திரும்பத் திறந்தபோது நான் இசையை விட்டுச் சித்திரம் எடுத்தேன். சைவசமயம் கட்டாயப் பாடம், அதை விட முடியாது. சாதாரணதரப் பரீட்சையில் அதில் எனக்கு ஆகக்கூடிய தேர்ச்சியான அதிவிசேட சித்தி வந்தது. அதிபர் அதைப் பாடசாலையின் பெறுபேறுகளோடு சேர்த்துப் பெருமையாக வாசித்தார்.

தொண்ணூறில் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் கழித்து, ஒரு காலை நேரம் இசை ரீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. திண்ணையில் இருந்து, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை என்று கொஞ்சநேரம் கதைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, கோயில் திருவிழாவிலை பழைய மாணவிகளை வைச்சுப் பண்ணிசை செய்யக் கேட்கினம். குழுவிலை இருந்தவை எல்லாம் கொழும்புக்கும் கனடாவுக்கும் போட்டினம். நீ ஒருக்கால் வந்து பாடு."

"நான் தீட்சை எடுக்கேல்லையே, ரீச்சர்."

"இந்தக் காலத்திலை உதெல்லாம் ஆர் பாக்கினம்? குரல்தானே வேணும்."

பார்க்கத் தேவையில்லாத ஒன்றுக்காகவா என்னை உடைந்த கதிரைகளுக்கு நடுவே நிறுத்தினீர்கள்? அதற்காகவா கை வீங்க அடித்தார்கள்? கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். ரீச்சர் அழுதார். "என்ரை வேலை போயிருக்கும் பிள்ளை. எனக்கு வீட்டிலை மூண்டு குமர்ப் பிள்ளையள்" என்றார். அது உண்மையாக இருக்கலாம். எனக்கு மனம் இளகவில்லை. நான் வரவில்லை என்றேன். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

அம்மா அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ரீச்சர் போன பிறகு வெளியே வந்து அந்தக் கோப்பையை எடுத்தார்.

"உனக்கு விருப்பமெண்டால் போய்ப் பாடியிருக்கலாம். நான் அண்டைக்கும் பாடாதை எண்டு சொல்லேல்லை."

"எனக்கு விருப்பமில்லை" என்று கத்தினேன்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆறிப்போன தேத்தண்ணியை முருங்கையடியில் ஊற்றிவிட்டு, கோப்பையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும்.