ஆரஞ்சு கமேரோவின் முதல் சொந்தக்காரர்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஓரின் ஸ்டாம்பர் தன் கமேரோ காரின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்து பார்க்கிறார். தொடமாட்டார். துடைக்கமாட்டார். பத்து நிமிடம் பார்ப்பார். திருப்தியானால் மூக்கால் ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு பானட்டை மெல்ல இறக்கி, கடைசி ஒரு அடி இருக்கும்போது கையை எடுத்துவிடுவார். 'டப்' என்று அது விழும் சத்தம் கேட்டால்தான் அமெரிக்காவின் நார்வுட் ஊரில் எங்கள் தெருவுக்கு வார விடுமுறை தொடங்கும். "அமுக்கி மூடக்கூடாது தம்பி, தகடு நெளிஞ்சிரும். விழ விடணும். எங்க விழணும்னு அதுக்குத் தெரியும்" என்பார்.

எழுபத்தெட்டு வயது. ஆறடிக்குக் குறையாத உயரம். சட்டைப் பையில் விரல் நீள டார்ச் ஒன்று எப்போதும் இருக்கும். இடுப்பில் பெல்ட் கிடையாது; குனியும்போது அதன் கொக்கி பெயிண்டைக் கீறிவிடும் என்று, இந்த வண்டியை வாங்கிய அறுபத்தொன்பதாம் வருடத்திலேயே பெல்ட்டைக் கைவிட்டு, கால்சட்டையைத் தோளிலிருந்து தாங்கும் தோள்வாருக்கு மாறிவிட்டார். கல்யாணப் புகைப்படத்திலும் கோட்டுக்குள்ளிருந்து அந்தத் தோள்வார் எட்டிப் பார்க்கிறது. மகளின் பட்டமளிப்பு விழாப் படத்திலும் அதுதான்.

வண்டியைப் பற்றிக் கேட்பவர்களிடம் அவர் முதலில் சொல்வது குதிரைத்திறனும் அல்ல, வேகமும் அல்ல. "வாங்குனவன் நான். ஓட்டுனவன் நான். ஓட்டுறவன் நான்." இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லிவிட்டு, எதிராளி தன் வண்டியை யாரிடமிருந்து வாங்கினார் என்று பணிவாக விசாரிப்பார். அந்தப் பணிவில் இருக்கும் குத்தல் ஊர் முழுக்கப் பிரசித்தம்.

வாங்கிய கதையைப் பக்கத்து வீட்டுக்காரனான நான் நாற்பது தடவை கேட்டிருக்கிறேன். நாற்பதிலும் ஒரு வார்த்தை மாறியதில்லை. இருபத்து மூன்று வயதில் லேத் பட்டறையில் வேலை. விற்பனைக் கூடத்தில் பளபளவென்று நின்ற வண்டிகளைப் பார்த்தவர், அவற்றில் எதுவும் வேண்டாம் என்றுவிட்டாராம். "நிக்கிற வண்டிய வாங்குறது, கடையில தொங்குற சட்டைய வாங்குற மாதிரி. நான் அளவு குடுத்துத் தைச்சேன்." விற்பனையாளர் படிவத்தை நீட்ட, இவர் ஒவ்வொரு கட்டமாகப் பேனாவால் குறித்துக்கொண்டே போயிருக்கிறார். நிறம் ஆரஞ்சு. கியர் கையால் போடுவது. எஞ்சின் எட்டு சிலிண்டர். கடிகாரம் வேண்டாம், கூரைக்குத் தோல் உறை வேண்டாம். ரேடியோ இல்லாமலா என்று விற்பனையாளர் பதறியதற்கு இவர் சொன்ன பதிலை இன்றும் அதே குரலில் சொல்வார்: "முன்னாடி இவ்வளவு பெரிய கச்சேரிய வச்சுக்கிட்டு ரேடியோ எதுக்குய்யா?"

அந்த வண்டியைச் செய்த தொழிற்சாலை இவர் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. வேலை முடிந்ததும் நேராக அதன் வேலியோரம் போய் நிற்பாராம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வண்டி வெளியே வந்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். "பதினோரு வண்டி வந்துச்சு. பதினொண்ணும் என்னுதுன்னு நெனச்சேன். பதினோரு ராத்திரி தூங்கல." பன்னிரண்டாவது வண்டிதான் இவருடையது. அது வந்த அன்று மழை, வேலியோரம் போகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைத் தவிர எல்லாரையும் பார்த்த கதை என்று தன்னையே கேலி செய்துகொள்வார்.

வண்டி கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்திருக்கிறார். எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுபவரின் கால்மாட்டை மறைத்து நிற்கும் கறுப்புத் தகட்டில், மஞ்சள் மெழுகுக் குச்சியால் போட்ட ஒரு 'சரி' குறி. சோதனை முடிந்தது என்பதற்குத் தொழிற்சாலையில் போடுவது. எல்லா வண்டியிலும் இருக்கும். ஆனால் இந்தக் குறியின் வால் மட்டும் நீண்டுபோய், பன்றிக்குட்டியின் வால் போல ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. ஓரினுக்கு அந்த வால் மனதை விட்டுப் போகவில்லை. மறுநாள் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் தொழிற்சாலை வாசலில் போய் நின்று, வெளியே வந்தவர்களிடமெல்லாம் காகிதத்தில் வரைந்து காட்டி, "இது யாரு போடுறது?" என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் ஒரு பெண் நின்றாள். தலையில் கட்டம்போட்ட கைக்குட்டை. கெண்டக்கி மலையிலிருந்து வந்த வெர்லீன்.

"நிமிஷத்துக்கு ஒரு வண்டி போவுது. உன் வண்டி எனக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சியா?" என்றாளாம்.

"உன் கோடு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாராம் இவர்.

வாலுக்கு விளக்கமும் அன்றே கிடைத்தது. சோதனை பார்ப்பவர்கள் எல்லாருடைய குறியும் ஒரே மாதிரி இருந்ததால், யாரோ விட்ட தவறையும் பெண் என்று இவள் தலையில் கட்டிவிடுகிறார்களாம். அதனால்தான் வால். ஆறு மாதம் கழித்து அவளைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு, மலையேறி அவள் அப்பாவிடம் பெண் கேட்கப் போனார். அந்த மனிதர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, பின் இருக்கையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இதுல ஒரு ஆடுகூட உக்காராது. ஆனா மாப்பிள்ளை உக்காந்திருக்கான், பரவால்ல."

நடுவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் இரண்டே இருக்கை உள்ள ஒரு புது கார்வெட் வண்டியும் வாங்கினார். அதைப் பற்றிப் பேசும்போது, ஒருமுறை தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டதைச் சொல்வது போலச் சொல்வார். அழகுதான், வேகந்தான், குழந்தைக்கு இடமில்லை, முதுகு போயிற்று, இரண்டே வருடத்தில் விற்றுவிட்டார். "அதுல யாரு கையெழுத்தும் எனக்குத் தெரியாது தம்பி."

தொழிற்சாலை மூடி, இடித்து, அந்த இடத்தில் வேறு கட்டடங்கள் வந்து எத்தனையோ வருடமாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்துச் சனிக்கிழமையில், அங்கே பிறந்த வண்டிகளெல்லாம் தேவாலய மைதானத்தில் வரிசை கட்டி நிற்கும். பானட்டுகள் திறந்திருக்கும்; சொந்தக்காரர்கள் வண்டிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். 'முதல் சொந்தக்காரர், அசல் நிலை' என்ற பிரிவில் ஓரினை அசைக்க ஆளில்லை. வண்டிகளைப் புதிதாக்கிக் கொண்டு வருபவர்கள் உண்டு. இவருக்கு அவர்கள்மேல் இரக்கம்தான். வண்டி ஒருமுறைதான் பிறக்கும் என்பது அவர் கட்சி. யார் வந்தாலும் முதலில் டார்ச் அடித்துக் காட்டுவது அந்த மஞ்சள் வாலைத்தான். எஞ்சின் அப்புறம்.

இந்த வருடம் மே மாதக் கடைசியில் அவருக்கு முழங்கால் அறுவை. மருத்துவமனையில் பத்து நாள். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம், நான்தான் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாசலில் மருமகன் ரஸ் காத்திருந்தான். பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவன். அழுக்கைக் கண்டால் கை பரபரக்கும். மாமனார் மேல் உயிர். வாய் கொள்ளாச் சிரிப்போடு எங்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போய் பானட்டைத் தூக்கினான்.

உள்ளே எல்லாம் மின்னியது. ஐம்பத்தைந்து வருடத்து எண்ணெய்ப் படலம் ஒன்றுவிடாமல் போயிருந்தது. கறுப்புத் தகட்டில் நம் முகம் தெரிந்தது.

ஓரின் ஊன்றுகோலைப் பிடித்தபடி குனிந்து, டார்ச்சை எடுத்துத் தகட்டில் அடித்துப் பார்த்தார். பிறகு, சாதாரணக் குரலில், "ரஸ், இந்தத் தகட்டுல மஞ்சளா ஒண்ணு இருந்துச்சே" என்றார்.

"ஆமா மாமா, ஏதோ பழைய கிறுக்கல். அரை மணி நேரம் தேய்ச்சேன். போவேனான்னு அடம்பிடிச்சுத்தான் போச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. இருபது வருடமாக அந்த வீட்டில் சாப்பிட்டும், அவன் பானட்டுக்குள் ஒருநாளும் குனிந்து பார்த்தவனில்லை. கதையைக் கேட்டிருக்கிறான், அது இருக்கும் இடம் தெரியாது. ஓரின் அவனைத் திட்டவில்லை. "நல்லாத் துடைச்சிருக்க" என்று தோளைத் தட்டிவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். அந்த மனிதர் எதன் மேலாவது இப்படித் தொப்பென்று உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பழைய குறிகளை அச்சுத்தகடு வைத்து அப்படியே போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். துடைப்பதற்கு முன் எடுத்த புகைப்படம் தன்னிடம் இருக்கிறது, நாளைக்கே செய்துவிடலாம் என்று ரஸ் மன்றாடினான். "பொண்டாட்டி கையெழுத்த நானே கள்ளக் கையெழுத்துப் போடவா?" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக, சனிக்கிழமை கண்காட்சிக்கு வரப்போவதில்லை என்றார். வெர்லீனிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கினார்.

அந்த வாக்குக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடமாக வெர்லீனின் வலது கை நடுங்குகிறது. அந்த வீட்டில் காப்பியைக் கோப்பையில் பாதிதான் ஊற்றுவார்கள். அவள் சொல்லச் சொல்லக் கடிதங்களை ஓரின்தான் எழுதுவார். கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இப்போது குறி அழிந்தது என்று சொன்னால், திரும்பப் போட முடியாது என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலையில் ரஸ்தான் வாக்கை உடைத்தான். குற்ற உணர்ச்சி தாங்காமல், சமையலறையில் பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் போய் அழுதுவிட்டான். வெர்லீன் பீன்ஸ் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டே, நானும் ஓரினும் உட்கார்ந்திருந்த கொட்டகைக்கு வந்தாள்.

"ஏன் ஓரின், அந்தக் கோட்டப் போட்டவ செத்தா போயிட்டா? உள்ள உக்காந்து உனக்குத்தானே பீன்ஸ் ஒடிச்சிட்டிருக்கா?"

ஓரினின் பார்வை காலடியில் இருந்தது.

"என் கையப் பாத்துப் பயப்படுறியா? நான் பயப்படல. மஞ்சக் குச்சி வாங்கிட்டு வா ரஸ். மெழுகுக் குச்சி. சாக்பீஸ் வாங்கிட்டு வந்துராத."

அவன் கால் மணியில் ஓடி வந்தான். குச்சியை நீட்டினான். அவள் வாங்கவில்லை. கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு பானட்டுக்குள் குனிந்தாள். "சும்மா எப்படிப் போடுறது? பாத்துட்டுத்தான் போடணும்." முன்கண்ணாடித் துடைப்பானின் மோட்டார்த் திருகுகளை விரலால் ஒவ்வொன்றாக நெருடினாள். வயர்களை இழுத்துப் பார்த்தாள். அந்த விரல்களுக்கு வரிசை மறக்கவில்லை; நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று ஒரு காலத்தில் ஓடிய விரல்கள், இப்போது நடுங்கி நடுங்கி அதே வழியில் போயின. சூடேற்றிக்குப் போகும் ரப்பர் குழாயில் வந்து நின்றன. இழுத்தாள். குழாய் ஆடியது.

"கிளிப் தளர்ந்திருக்கு. துடைக்கிறதுக்குக் கழட்டுனியா ரஸ்?"

"ஆமா அத்தை."

"முடுக்கு. நாளைக்குப் பாதி வழியில சுடுதண்ணி பீச்சியிருக்கும். அப்புறம் வெர்லீன் சரியாப் பாக்கலம்பாங்க."

அவன் முடுக்கினான். அவள் மறுபடி இழுத்துப் பார்த்தாள். ஆடவில்லை. அப்போதுதான் குச்சியை வாங்கினாள். காற்றில் கை உதறியது. ஓரின் தாங்கிப் பிடிக்க எழுந்தார், முழங்கால் விடவில்லை. அவள் இடது கையை எஞ்சின் மேல் ஊன்றிக்கொண்டு, குச்சியைத் தகட்டில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மேலேறிய கோடு நேராகத்தான் போனது. வால் மட்டும் ஒரு சுற்றுக்கு மூன்று சுற்றாக, நெளிந்து நெளிந்து, தகட்டின் ஓரம்வரை ஓடி நின்றது.

"வால் வளந்திருச்சு" என்றாள் வெர்லீன். ஓரின் சிரித்தபோது அவர் தாடையெல்லாம் நனைந்திருந்தது.

மறுநாள் மைதானத்தில் ஆரஞ்சுக் கமேரோ தன் வழக்கமான இடத்தில் நின்றது. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்ட நடுவர் அட்டையோடு வந்தார். குனிந்தார். வருடாவருடம் அந்தக் குறியைப் பார்த்தவர். ஒரு நொடியில் கண்டுகொண்டார்.

"இந்தக் குறி புதுசு மிஸ்டர் ஸ்டாம்பர். துடைச்சதுக்கும் சேர்த்து மார்க் குறையும்."

"குறைங்க" என்றார் ஓரின், தோள்வாரில் கட்டைவிரல்களை மாட்டிக்கொண்டு. "கோடு நேத்துப் போட்டது. கை அசல்."

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். வண்டிக்குப் பின்னால், மடக்கு நாற்காலியில் வெர்லீன். மடியில் வலது கை, அடங்காத சிறு பறவை போல. நடுவர் தொப்பியைக் கழற்றினார், பிறகு மார்க்கைக் குறைத்தே எழுதினார். விதி விதிதானே. சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று ஓரினும் தலையாட்டினார். அந்த வருடத்துப் பரிசு இன்டியானாவிலிருந்து வந்த ஒரு நீல வண்டிக்குப் போனது. ஓரின் போய்க் கை குலுக்கிவிட்டு வந்து, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்து, மனைவி பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

வெர்லீனின் கட்டைவிரல் ரேகைகளில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவள் காகிதத் துடைப்பானை எச்சிலால் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஓரின் மஞ்சள் பட்ட அந்தத் துடைப்பானை அவள் கையிலிருந்து உருவி, நான்காக மடித்து, டார்ச் இருந்த சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.