இடக்கைக் கைவிசேடம்

எங்கள் முதலாளிக்குக் கடவுளுக்கு அடுத்தபடியாக என் வலது கையில்தான் நம்பிக்கை. கண்டியில், கொழும்பு வீதியில் இருந்த அவருடைய புடவைக் கடையில் நான் சேர்ந்த முதல் கிழமையே, திகனயிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தது. நான் விரித்துக் காட்டிய முதல் சேலையே பெண்ணுக்குப் பிடித்துப்போய்விட்டது. சொந்தபந்தம் எல்லோருக்கும் அங்கேயே எடுத்துக்கொண்டு, வந்த வானுக்குள் உட்கார இடமில்லாத அளவுக்குப் பொதிகளோடு போனார்கள். அன்றிலிருந்து நான் கைராசிக்காரி.

சித்திரை வருசம் பிறந்து கடை திறக்கும் நாளில், பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் சுபநேரத்துக்கு, வெற்றிலையில் ஒரு நாணயத்தை வைத்து நான்தான் அவருக்குக் கைவிசேடம் கொடுக்க வேண்டும். இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கி, கண்ணில் ஒற்றி, கல்லாப் பெட்டிக்குள் வைப்பார். அதற்குப் பிறகுதான் அந்த வருசத்தின் முதல் வியாபாரம். சம்பளம் கூட்டிக் கேட்கும்போது மட்டும் அந்தக் கையை அவருக்கு அடையாளம் தெரியாது.

அந்தக் கைதான் நோயில் விழுந்தது. காலையில் எழும்பினால் விரல்கள் வீங்கிப்போய் மடங்காமல் நிற்கும். கம்பளையிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல், முழங்கையைக் கொளுவிக்கொண்டு கண்டி வரை பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். முடக்குவாதம் என்றார் அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர். மாத்திரையை விடாமல் போட்டால் விரல்கள் பிழைக்கும், விட்டால் கோணிக்கொண்டு போகும், கோணியது திரும்பி வராது என்று நல்லபடியாகத்தான் விளக்கினார். கிளினிக்கில் மருந்து இலவசம். கொஞ்சக் காலம் நானும் என் விரல்களும் சமாதானமாக இருந்தோம்.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. மருந்து கொடுக்கும் யன்னலில் இருந்தவர் என் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் "நே" என்று சொல்லத் தொடங்கினார். இல்லை என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வெளியில் வாங்கச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தருவார்கள். அந்தத் துண்டைக் கொண்டு பார்மசிக்குப் போனால், போன மாதம் கேட்ட விலையை இந்த மாதம் சொல்லவே வெட்கமாக இருக்கும். என் சம்பளத்தில் அந்த மருந்தை வாங்கினால் சோறு இல்லை, சோறு வாங்கினால் மருந்து இல்லை.

ஆனால் எங்களுக்குத்தான் காப்புறுதி இருந்ததே! கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் ஒரு நாள் கடைக்கு வந்து, எல்லோருக்கும் பளபளவென்று ஒரு அட்டை கொடுத்து, முதலாளி வாங்கிவைத்த கேக்கைத் தின்றுவிட்டுப் போயிருந்தார். அதற்கென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். நான் பார்மசி பில்லை அனுப்பினேன். போன வேகத்திலேயே திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றால் மட்டும்தானாம். வீட்டில் இருந்துகொண்டு போடும் மாத்திரைக்கு ஒரு சதமும் இல்லை.

முதலாளியிடம் போய் நின்றேன்.

"முதலாளி, இந்த மருந்துக்கு மட்டும் கொஞ்சம் ஒதவி செஞ்சீங்கன்னா..."

"அதுக்குத்தானே புள்ள காப்புறுதி போட்டுக் குடுத்திருக்கேன்?"

"வார்டுல படுத்தாத்தான் தருவாங்களாம்."

"அப்ப படுத்துட்டு வா," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்து முடித்ததும் மேசை லாச்சியைத் திறந்து, சென்னையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த தன்னுடைய பிரஷர் மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதை நான் நின்று பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தத் தொண்டை தெரிகிறது.

அதற்குப் பிறகு மருந்தை நீட்டி நீட்டிப் போட்டேன். ஒரு கிழமை போட்டால் அடுத்த கிழமை இல்லை. சட்டை ஹூக்கை மாட்டிவிடுவதும் தலை வாரிப் பின்னிவிடுவதும் என் கணவர் வேலையாகிவிட்டது. பஸ் டிப்போவில் இரும்பு பிடித்த கை அவருக்கு. பின்னல் ஒரு நாளும் நேராக வந்ததில்லை. கடையில் சேலையை உதறி விரிக்க முடியாமல் உள்ளங்கையால் தள்ளித் தள்ளி விரித்தேன். வாடிக்கையாளர்கள் என் விரல்களைப் பார்த்துவிட்டுச் சேலையைப் பார்த்தார்கள்.

சேலை மடித்து அடுக்கும் பகுதியில் ஒரு அண்ணன் இருந்தார். அவருக்குச் சீனி வியாதி. அவருக்கும் கிளினிக்கில் மருந்து இல்லை, துண்டு மட்டும்தான். அவரும் அரை மாத்திரை, கால் மாத்திரை என்று ஓட்டினார். கால் பெருவிரலில் வந்த புண் கறுத்துப்போய், கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. வார்டில் படுத்தார் அல்லவா? காப்புறுதி பணம் கொடுத்தது. முதலாளி அந்தக் காசோலையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, எங்கள் எல்லோரையும் கைதட்டச் சொல்லி, அண்ணனிடம் நீட்டினார். விரல் போகாமல் இருக்க வேண்டிய மாத்திரைக்கு இல்லாத காசு, விரல் போனதும் ஓடி வந்தது. எல்லோரும் தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. விரல் வலித்தது ஒரு காரணம். மற்றக் காரணம், என் வயிறு பற்றி எரிந்தது.

அன்றைக்குக் கறுவத் தொடங்கியவள்தான். முதலாளி நாசமாய்ப் போக வேண்டும் என்று கோவிலில் சிதறுதேங்காய் அடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். தேங்காயைத் தூக்கி எறியக் கை வரவில்லை. கோபத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாத கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி அதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் கிடந்த மற்றக் கை கண்ணில் பட்டது.

வருசம் பிறந்தது. கடை திறக்கும் நாள் வந்தது. முதலாளி பட்டுவேட்டியில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் நாங்கள். கால் சரியாக ஊன்றாததால் அண்ணனுக்கு மட்டும் ஒரு கதிரை. குத்துவிளக்கு எரிந்தது. சுபநேரம் முடிந்ததும் ராகுகாலம் என்று முதலாளி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, குடு புள்ள," என்று இரண்டு கைகளையும் ஏந்தினார்.

நான் வெற்றிலையை எடுத்தேன். நாணயத்தை வைத்தேன். இடது கையால் நீட்டினேன்.

கொதிதண்ணீர் பட்டதுபோல அவர் கைகளை இழுத்துக்கொண்டார்.

"என்னா புள்ள இது? எடக்கையால நீட்டுற?"

"வலது கை மடங்க மாட்டேங்குது முதலாளி. மருந்து இல்ல."

"சும்மா உள்ளங்கையில வச்சு நீட்டு. நேரம் போகுது!"

"அதுல பாரம் தாங்காது முதலாளி. வேணும்னா வார்டுல படுத்துட்டு வந்துர்றேன். அது வரைக்கும் நேரத்த கொஞ்சம் நிப்பாட்டி வைங்க."

கதிரையில் இருந்த அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முதலாளி வெற்றிலையையே பார்த்தார். வாங்கினால் வருசம் முழுக்க இடக்கை வியாபாரம். வாங்காவிட்டால் கைராசிக்காரியின் கையைத் தட்டிவிட்ட பாவம். ஏந்துவதும் இழுப்பதுமாக நின்றார். மணிக்கூடு அவருக்காக நிற்கவில்லை. ராகுகாலம் பிறந்துவிட்டது. வெற்றிலையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த வருசம் வியாபாரம் படுத்துவிட்டது. நாடே பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற வருசம். சேலை வாங்க யாருக்கு மனம் வரும்? எல்லாக் கடையும்தான் ஈயோட்டியது. ஆனால் அவருக்கு என் இடக்கைதான் காரணம். நானும் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு நாள் கல்லாவுக்குக் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒன் துண்ட எதிர் பார்மசியில குடு. கடை கணக்குல தரச் சொல்லியிருக்கேன். அந்தக் கை நல்லா வரணும்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கைதான் நல்லா வர வேண்டுமாம்.

"அண்ணனோட துண்டும் இருக்கு முதலாளி," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இடது கையால் முந்தானையைச் சரிசெய்தேன்.

"அதையும் குடு," என்றார்.

நன்றி சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. அண்ணனின் பெருவிரல் திரும்பி வந்தால் சொல்வேன்.

நான் இடக்கையை நீட்டிய அந்த நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு என் வலது கையாலும் கொடுத்திருக்கலாம். வலித்திருக்கும், ஆனால் ஒரு வெற்றிலையையும் நாணயத்தையும் தாங்கியிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும்.

இப்போது மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது. கோணிய ஒரு விரல் கோணியதுதான், மற்றவை மடங்குகின்றன. பஸ் கம்பியைப் பிடிக்கிறேன், என் தலையை நானே பின்னுகிறேன். ஒவ்வொரு வருசமும் கடை திறக்கும் நாளில் முதலாளி பட்டுவேட்டியில் என் முன்னால் வந்து கைகளை ஏந்திக்கொண்டு நிற்கிறார். வெற்றிலை மேசையில் இருக்கிறது. என் கைகள் இரண்டும் முந்தானைக்குள் இருக்கின்றன. எந்தக் கை வெளியே வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி மணிக்கூட்டைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விடுகிறேன்.